துளியில் இருந்தது யார்

மூன்றாவது கருவும் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துபோன பிறகுதான் டாக்டர் என் ரத்தத்தைக் கேட்டார். அதற்கு முந்தைய நான்கு வருடங்களும் ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் என் மனைவிக்குத்தான். நான் வெளியே நாற்காலியில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள் நல்ல கணவன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ரவாங்கில் இருக்கிறோம். நான் தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். அவள் பிளாஸ்டிக் உதிரிப் பாகங்கள் செய்யும் இன்னொரு தொழிற்சாலையில் தரம் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாள். கிளினிக் கோலாலம்பூரில். இரண்டு பேரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலில் போய் வருவோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் மேசையில் இருந்த ஒரு நீலப் பேனாவையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்தார். அவர் சீனர், மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசுவார். இரண்டு பேனாக்களின் மூடிகளையும் கழற்றி மாற்றிப் போட்டார். என்னுடைய குரோமோசோம்களில் இரண்டு இப்படித் துண்டு மாறிக் கிடக்கின்றன என்றார். எனக்கு எதுவும் குறையவில்லை, எல்லாம் இருக்கிறது, அதனால் நான் சுகமாக இருக்கிறேன். ஆனால் குழந்தைக்கு இந்தப் பேனாக்களில் ஒன்று மட்டும் போனால் ஒரு மூடி அதிகமாகவும் ஒரு மூடி குறைவாகவும் ஆகிவிடும். அந்தக் கரு பெரும்பாலும் நிலைக்காது.

"அப்ப என் மனைவிக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். "இது உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் இருக்கலாம்."

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சுங்கை பூலோ தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத்தைகிட்ட சொல்ல வேணாம்."

"ஏன்?"

"என்னைச் சொல்லிச் சொல்லி அவங்களுக்கும் பழகிடுச்சு, கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிடுச்சு. ஒங்களைப் பத்தின்னா அவங்க தாங்க மாட்டாங்க லா."

"சரி" என்றேன்.

ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வந்த 'சரி' அது. அவள் எனக்காகச் சொன்னாள் என்பது புரிந்தது. நான் மறுத்துப் பேச வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாளா என்பது இன்றுவரை தெரியாது. நான் மறுக்கவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. அந்தப் பாரம் அவள் தோளுக்குத்தான் போயிருக்கிறது என்று நினைத்துப் பார்க்க எனக்கு மேலும் ஒன்றரை வருடம் ஆனது.

என் அம்மா கோல சிலாங்கூர் பக்கத்தில் தனியாக இருக்கிறார். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் வேலை பார்த்த தோட்டத்தை விற்றபோது பழைய தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று அம்மாவுடையது. அம்மா கெட்டவர் இல்லை. மருமகளுக்கு என்று தேடிப் பிடித்துக் கருவாடு வாங்கி வைப்பார். ஆனால் ஒவ்வொரு முறை நாங்கள் போகும்போதும் பேச்சு அதில்தான் போய் நிற்கும்.

"கம்பெனியில ஏசியில நின்னுக்கிட்டே இருந்தா வயித்துல எப்படித் தங்கும்? வேலையை விட்டுட்டுக் கொஞ்ச நாள் படுத்து எந்திரிக்கச் சொல்லுய்யா."

இன்னொரு நாள், "வெள்ளிக்கெழமை வெரதம் இருக்கச் சொன்னேனே, இருந்தாளா?"

அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காதது போல இருப்பாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் விரதமும் இருந்தாள். காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பசியாறாமல் வேலைக்குப் போனாள். வயிற்றைச் சுற்றி நீலம் நீலமாகத் தடம். ஊசி போட நான்தான் உதவுவேன். அதையும் ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்த முடிவுக்குப் பிறகு சோதனைக்கூடத்தில் கருவை உருவாக்கும் முறைக்கு மாறியிருந்தோம்; அந்தச் சுற்றில் பதினொரு முட்டைகள் எடுத்தார்கள். ஏழு கருவாயின. ஆறாம் நாள் இரண்டுதான் மிஞ்சின. உறைய வைப்பதற்கு முன்னால் அவற்றைப் பரிசோதிப்பது எப்படி என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வழக்கமான முறையில் கருவின் வெளிப்பகுதியிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் கூடுதல் உறுதி என்றார் டாக்டர். என் மனைவி விடவில்லை.

"நாங்க கம்பெனியில பீஸை உடைச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவோம். டெஸ்ட் பண்ண பீஸ் லோரியில ஏறாது. இதுவும் அப்படித்தானா?"

அப்படி இல்லை, அனுபவமுள்ளவர்கள் செய்தால் பெரும்பாலும் கருவுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் விளக்கினார். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். வேறு வழி இருக்கிறதா என்று அவள் கேட்டபோது கொஞ்சம் தயங்கினார். புதிதாக ஒரு முறை வந்திருக்கிறது. கரு எந்தத் திரவத்தில் வளர்கிறதோ அந்தத் துளியை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பது. கரு வளரும்போது தன்னுடைய மரபணுவில் கொஞ்சத்தை அந்தத் துளியில் உதிர்த்து வைக்கும். கருவைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் இன்னும் முழுதாக நம்பி முடிவெடுக்கும் நிலைக்கு அது வரவில்லை, எனக்கு இருப்பதைப் போன்ற கோளாறுக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றார்.

"தொட வேணாம்னா அதையே பண்ணுங்க" என்றாள் அவள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்டிப் பார்ப்பதுதான் சரி என்று பட்டது. இயந்திரத்தைத் திறக்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுக் கோளாறு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் உடம்பு அவளுடையது, கோளாறு என்னுடையது. எனக்கு வாய் திறக்க உரிமை இல்லை என்று இருந்துவிட்டேன். காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஒரு கருவின் துளியில் என் துண்டு ஒன்று அதிகமாக இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அது வேண்டாம் என்றார் டாக்டர். இன்னொன்றின் முடிவு சரியாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் டாக்டர். "முட்டையைச் சுற்றி அம்மாவின் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவித்தான் எடுக்கிறோம். ஆனாலும் சில வேளை அதில் கொஞ்சம் அந்தத் துளியில் கலந்துவிடும். இந்த முடிவு கருவினுடையதாக இருக்கலாம். உங்கள் மனைவியுடையதாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல முடியவில்லை."

அவள் கை என் கையிலேயே இருந்தது. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது.

மூன்று வழிகள் இருந்தன. உறைந்ததை உருக்கி, செல் எடுத்துச் சோதித்து, மறுபடி உறைய வைக்கலாம். இரண்டு முறை உறைந்து உருகுவதை எல்லாக் கருவும் தாங்காது. அப்படியே கருப்பையில் வைத்துப் பார்க்கலாம். நான்காவது முறையும் கலையலாம், அல்லது கலையாமல் பெரிய குறையோடு வளரலாம். இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

ரயிலில் அவள்தான் சொன்னாள்.

"அது பொண்ணுதான்."

"டாக்டர் அதைச் சொல்ல மாட்டாங்களே."

"சொல்லல. பையனா இருந்தா அந்தத் துளியில இருக்கறது நான் இல்லன்னு அவங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கும். என்னையும் அதையும் பிரிக்க முடியலன்னா, அது பொண்ணாத்தான் இருக்கணும். இல்ல, அதுல இருக்கறது வெறும் நான் மட்டும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் சொன்ன பிறகு அது வெறும் கரு இல்லை, மகளாகிவிட்டது. முடிவெடுப்பது இன்னும் கடினமானது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் எந்தப் பக்கமும் நகரவில்லை. கிளினிக்கிலிருந்து அழைத்துக் கேட்பார்கள். அடுத்த வாரம் சொல்கிறோம் என்போம். காலையில் அவள் ஏழு மணி வேலைக்குப் போவாள். மாலையில் நான் வரும்போது சோறு மேசையில் மூடியிருக்கும். நான் 'வச்சிடலாமா' என்று ஆரம்பித்தால் அவள் 'தப்பாப் போனா?' என்பாள். நான் 'அப்ப செல் எடுத்துப் பார்த்துடலாம்' என்றால் 'செத்துப்போனா?' என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம் வந்து, "அன்னைக்கே வெட்டிப் பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலயே. டாக்டர் ஒங்க மொகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நானும் பார்த்தேன்."

வீட்டில் இரண்டே பேர், மூன்று அறைகள். எந்த அறைக்குப் போனாலும் அதே பேச்சு அங்கே முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்காவின் கடைசி மகளுக்குக் காதுகுத்து வந்தது. அக்கா சுங்கை ஆயர் தாவாரில் இருக்கிறாள். அம்மாவைக் கோல சிலாங்கூரில் ஏற்றிக்கொண்டு போனோம். தஞ்சோங் காராங்கிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை அம்மா பின் இருக்கையில், சம்பந்தி வீட்டுச் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் மனைவி "ஓ", "அப்படியா அத்தை" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டின் முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் தாய்மாமன். என் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். ஒரு வயதுப் பிள்ளை, பட்டுப் பாவாடையில் கனமாக இருந்தாள். என் மனைவி சீர்த் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா அவள் காதருகில் குனிந்து மெதுவாகத்தான் பேசினார். ஆனால் நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன்.

"நீ கொஞ்சம் பின்னால நில்லும்மா. தட்டை என் தங்கச்சி எடுக்கட்டும். புள்ள காரியம், நாலு பேரு பார்க்கறாங்க."

அவள் தட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, அழுகை இல்லை. கம்பெனியில் கதவு திறக்கக் காத்திருக்கிறவர்களின் முகம்.

நான் எழுந்திருக்க முடியாது. பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்கிறேன். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். இன்னொரு காது முடியும்வரை அப்படியே பிடித்திருந்தேன். அக்கா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டதும் எழுந்து போய் அம்மாவைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனேன். அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

"கோளாறு அவகிட்ட இல்லம்மா. என்கிட்டத்தான்."

"என்னய்யா சொல்ற?"

"ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு. ஒன்றரை வருசம் ஆச்சு. மூணு புள்ளையும் கலைஞ்சது என்னாலதான். எனக்குப் பொறப்புலயே இருக்கு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீ சொல்றதை எல்லாம் கேட்டுக்கிட்டு அவ வாயைத் தொறக்கல. நானும் தொறக்கல."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "எனக்கும் இருக்குமா, தம்பி?" என்று கேட்டாள். இருக்கலாம், பார்த்துக்கொள்வது நல்லது என்றேன். இதையும் ஒன்றரை வருடம் கழித்துத்தான் சொல்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மா அன்று சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது சிகிஞ்சான் வயல்களைத் தாண்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் பயிர் பச்சையாக இருந்தது. பின் இருக்கையிலிருந்து அம்மா திடீரென்று பேசினார்.

"ஒங்கக்காவுக்கும் ஒனக்கும் நடுவுல எனக்கு நாலு போச்சு."

எனக்கு அது தெரியாது. காடியின் வேகத்தைக் குறைத்தேன்.

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மாத்திரை குடுப்பாரு. மூணாம் நாள் மண்டோர் வந்து வேலைக்குப் பேரு கூப்பிடுவான், எந்திரிச்சுப் போயிடுவேன். ஒங்கப்பாவோட அம்மா, நான் வயித்துல வெசம் வச்சிருக்கேன்னு லயத்து வீடு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. ஒனக்கு என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு."

"அப்பாகிட்ட இருந்தும் வந்திருக்கலாம்மா. ரத்தம் பார்த்தாத்தான் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சாச்சு. ரத்தம் எதுக்கு?"

மனைவியின் மேல் இருந்ததை எடுக்கப்போய் அம்மாவின் மேல் வைத்துவிட்டேன். சொன்னது தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது முன் இருக்கையில் இருந்த என் மனைவி இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, உடம்பைத் திருப்பி, பின்னால் கையை நீட்டி அம்மாவின் முழங்காலைத் தொட்டாள். அம்மா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இரண்டு பேரும் பேசவில்லை. பட்டையைப் போடு, போலீஸ் இருக்கப்போகிறார்கள் என்றுதான் நான் சொன்னேன். அவள் கோல சிலாங்கூர் வரும்வரை போடவில்லை.

அடுத்த வாரம் அவளே முடிவைச் சொன்னாள். வைத்துவிடலாம். தங்கினால் குழந்தையைச் சுற்றியிருக்கும் வயிற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதில் உறுதியாகத் தெரிந்துவிடும். இந்த முறை என்னையும் கேட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் சரி என்று வாய்விட்டுச் சொன்னேன். அதே நாளில் முதல் கருவை அப்புறப்படுத்தச் சம்மதம் என்ற காகிதத்திலும் கையெழுத்துக் கேட்டார்கள். நான் முதலில் போட்டேன். அவள் பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்துவிட்டுப் போட்டாள்.

கரு தங்கியது. ஏழாம் வாரம் துடிப்புக் கேட்டது, நாங்கள் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வாரம் தாண்டியது. அப்போதும் யாருக்கும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர. பதினேழாம் வாரம் ஊசி குத்தி வயிற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனோம், வந்தோம். அவள் பெரிய சட்டையாகப் போட்டுக்கொண்டு வயிற்றை மறைத்தாள், தன்னிடமிருந்தே மறைப்பது போல.

டாக்டர் தொலைபேசியில் சொன்னார். பெண் குழந்தை. எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன. அப்பாவுக்கு இருப்பது அப்படியே மகளுக்கும் இருக்கிறது. சுகமாகப் பிறப்பாள், சுகமாக வளர்வாள். அவள் பிள்ளை பெறும் காலத்தில் எங்கள் பாடு அவளுக்கும் வரலாம்.

அந்தத் துளியில் இருந்தது என் மனைவியா, மகளா என்பது கடைசிவரை தெரியவில்லை. மகளாகவே இருந்திருந்தாலும் அந்தச் சோதனையில் இது தெரிந்திருக்காது என்றார் டாக்டர். எல்லாம் அளவாக இருந்தால், இடம் மாறியிருப்பதை அது காட்டாது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அவள்.

"நல்லா இருக்கா. என்னை மாதிரியே இருக்கா."

அவள் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. எனக்கே எதற்கென்று தெரியவில்லை.

அக்கா ரத்தம் பார்த்துக்கொண்டாள், அவளுக்கு இல்லை. அம்மா இன்றுவரை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. ஓடுகிறாள், கடிக்கிறாள், குளிக்க மாட்டேன் என்கிறாள். எப்போது அவளுக்குச் சொல்வது என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. கல்யாணம் பேசும்போது என்கிறாள் மனைவி. அதற்கு முன்பே என்கிறேன் நான். சொன்னால் அவளும் எங்களைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்வாளோ என்ற பயம் இரண்டு பேருக்கும் இருக்கிறது.

போன மாதம் தடுப்பூசிக்கு அரசாங்கக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மனைவிக்கு வேலை. வரிசை நீளம், விசிறி மெதுவாகச் சுற்றியது. நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். குடும்பத்தில் பரம்பரையாக ஏதும் உண்டா என்று அதில் ஒரு வரி. முன்பெல்லாம் இப்படி ஒரு வரி வந்தால் கோடு போட்டுவிட்டுப் போவேன். மகள் பேனாவைப் பிடுங்க வந்தாள். அவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதினேன். மலாய்க்கார நர்ஸ் படித்துப் பார்த்துவிட்டு, இது யாருக்கு என்று கேட்டார்.

"எனக்கு" என்றேன். "இவளுக்கும்."